அம்மா பக்கம்

கோமளாவுக்குக் கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப்போடத் தெரியும், அவ்வளவுதான். போர்வை எதுவும் தைத்ததில்லை. ஆனாலும், "போட்டோ அம்மா சேலையில எனக்கு ஒரு போர்வை தச்சுத் தர்றீங்களா?" என்று ஆதிரை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. பெற்றவள் இறந்தபோது ஆதிரைக்கு இரண்டு வயது. முகம் சுவரிலிருந்த படத்தில்தான் பழக்கம். அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்த கோமளாவை அவள் எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி.

பீரோவில் மிஞ்சியிருந்த இறந்தவளின் ஒரே சேலையைக் கோமளா இரண்டு முறை அளந்துவிட்டுத்தான் வெட்டினாள். அப்படியும் சதுரங்கள் கோணலாக வந்தன. சரிசெய்யப் போய் ஓரமெல்லாம் வீணாகி, துணி ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. வேறு வழியில்லாமல் மறுபக்கத்துக்குத் தன் கத்தரிப்பூ நிறச் சேலையை வெட்டினாள். ஆதிரை அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைத்து முடித்த அன்று மத்தியானம், பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்து பாயில் சுருண்டுகொண்டாள் ஆதிரை. கோமளா போர்வையை உதறினாள்.

"அம்மா பக்கம் உள்ள இருக்கட்டும்," என்றாள் ஆதிரை, கண்ணைத் திறக்காமல். "உடம்புல படுற மாதிரி."

போட்டோ அம்மா இல்லை, வெறும் அம்மா. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கோமளா இப்போதுதான் கேட்கிறாள்.

"எந்தப் பக்கம்டா கண்ணு?"

"அதான் சொன்னேனே," என்று முனகிவிட்டுத் தூங்கிப்போனாள்.

கோமளா போர்வையைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பிள்ளைக்கு உடம்பு வெடவெடத்தது. கோமளா கண்ணை இறுக மூடிக்கொண்டு போர்த்திவிட்டாள். எந்தப் பக்கம் உள்ளே போயிருக்கிறதென்று கண்ணைத் திறந்து பார்க்கத்தான் வெகுநேரம் தைரியம் வரவில்லை.