பாதாம் டப்பா

ஊறவைத்த பாதாமை டப்பாவிலிருந்து எடுத்து, மாமியாரே தோலுரித்து நீட்டினாள்.

“வேணாம் அத்தை. எடை குறையிற ஊசி போட்டதுலேருந்து பசியே இல்ல.”

“தினமும் நாலு பருப்பாவது மெல்லும்மா. எடைதான் குறையணும், தெம்பு குறையக் கூடாது.”

கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்டாயா என்று கேட்காத வாய் அது. மாமியார் மாறிவிட்டாள் என்றே மருமகள் நம்பினாள்.

அந்த மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர் சிரித்தார்.

“உங்க கல்லீரல்ல கொழுப்பு நல்லாக் கரைஞ்சிருக்கு. இனி தாராளமா உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பகுதியைக் கொடுக்கலாம்.”

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து தையல் வலியோடு படுத்திருந்த மருமகள், உள்ளே வந்த மாமியாரிடம் அதே டப்பாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

“இது என் புள்ளைக்கு. உனக்கு இனிமே எதுக்கு?”