இரண்டாவது கியர்

டேரிலின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தான்.

“மூச்சை நல்லா இழுத்து விடு,” என்றாள் அவன் மனைவி நெரிடா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீயும் விடு.”

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா மலையேற்றத்தில் அந்தப் பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் உறுமியது. இன்ஜின் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. தேய்ந்துபோன கிளட்ச் வழுக்கி, கருகல் நாற்றம் உள்ளே வந்தது. ஆஸ்பத்திரியோ மலைக்கு மேலே.

“பேசாம ஆம்புலன்ஸுக்கே காத்திருந்திருக்கலாம்.”

“ஒரு மணி நேரமாகும்னாங்களே. அதுவரைக்கும் தாங்காது.”

இரண்டாவது கியருக்கு மாற்றினாள். குள்ளமான அவள் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்ததால், கிளட்சை மிதிக்கக் காலை எட்டிப் போட வேண்டியிருந்தது.

“நான் ஓட்டியிருந்தா...”

“நீயா? கியர் வண்டி கத்துக்கறேன்னு ரெண்டே மாசத்துல கிளட்சைத் தேய்ச்சு வச்ச புண்ணியவான்! ஏத்தத்துல நின்னுச்சுன்னா அவ்வளவுதான், மறுபடி கிளம்பாது. வாயை மூடிட்டு வா.”

அது அவன் ஓட்டத் தெரியாமலே ஆசைப்பட்டு வாங்கிய கார். இப்போது உயிரே அதை நம்பித்தான் இருந்தது.

வளைவு தாண்டியதும், முன்னால் ஒரு மாட்டு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

“நிக்கப் போறான்! நெரிடா, அவன் நிக்கப் போறான்!”

“கத்தாதய்யா!”

பல்லைக் கடித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பிறகு நீளமாக மூச்சை விட்டு, முட்டையின் மேல் கால் வைப்பதுபோல் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். கார் முனகிக்கொண்டே வலப்பக்கமாக லாரியைத் தாண்டியது.

மலை உச்சியில் சிக்னல் பச்சையாக இருந்தது. டேரிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் புகை கக்கியபடி கார் நின்றது. நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியோடு ஓடிவந்து, டேரில் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“நெஞ்சு வலியா சார்? பயப்படாதீங்க. மெதுவா இறங்கி இதுல உக்காருங்க.”

டேரில் மூச்சிரைத்தபடி கையை மட்டும் ஆட்டினான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்த ஆள விடுங்க சிஸ்டர், பிரசவ வலி எனக்கு!”