நிற்காத கரண்டு

கையெழுத்துத் தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள் ரூபி.

ஆனந்தமேரி வாங்கவில்லை.

"சத்தம் போட்டுப் பேசாதடி. மாமா காதுல விழுந்தா அம்புட்டுத்தான்."

அடுத்த அறையில் ஆக்சிஜன் மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. செம்பட்டியில் பஸ் இறங்கி நடந்து வந்த ரூபிக்கு வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கேட்டதும் கால் தயங்கியது.

கடற்கரை ஊரிலிருந்து வந்திருக்கிறாள், அண்ணன் மகள். கடலோரத்தில் புதிதாக அணு உலை எதுவும் வேண்டாம் என்று அரசுக்கு எழுதிய மனு. முதல் கையெழுத்து அவள் அப்பாவுடையது. இதற்காகவே ஒரு காலத்தில் கழுத்தளவுக் கடல் தண்ணீரில் நின்று போராடிய மனிதர். இரண்டாவது இடத்தைத் தங்கைக்கென்று காலியாக விட்டிருந்தார்.

ஆனந்தமேரி அந்தக் காலி இடத்தையே பார்த்தாள்.

அணு உலை என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அவளும் கணவர் பாக்கியராஜும் ஒத்துப்போனதே இல்லை. துணைமின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பார்.

"காத்து நின்னா காத்தாடி நிக்கும். பொழுது சாஞ்சா சோலார் படுத்துரும். நாளைக்கு நாடு பூரா நிக்காம கரண்டு வேணும்னா அணுதான் மேரி."

"இப்ப சோத்துக்கு வெஞ்சனம் வேணுமா, அணு வேணுமா?" என்பாள் இவள். "வெடிச்சா எங்கண்ணன் வீடுல்ல மொதல்ல போகும்!"

நுரையீரல் கெட்டு அவர் படுத்த பிறகு வாதம் சுருங்கிப்போயிற்று. மூக்கில் குழாயோடு, மெஷினை விரலால் காட்டுவார். அவ்வளவுதான். அவள் எழுந்துபோய், கரண்டு நின்றால் மாட்ட வைத்திருந்த சிலிண்டரைச் சரிபார்ப்பாள்.

"நிக்காத கரண்டு வேணும்டி ரூபி. நின்னா இந்த வீட்ல என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாது. அத்தைக்குக் கை வரலைன்னு ஒங்கப்பாட்டச் சொல்லு."

ரூபி பேனாவை மூடினாள்.

அப்போது மின்விசிறி நின்றது. அடுத்த அறையில் உறுமல் அறுந்து, மெஷினின் அலாரம் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

ஆனந்தமேரி ஓடினாள். அலமாரி மேலிருந்த ஸ்பானரை எடுத்து, மூலையில் நின்ற சிலிண்டரின் தலையில் மாட்டிவிட்டாள். திருகப் போன கையை ரூபி வந்து பிடித்தாள்.

"அத்தை..."

கட்டிலில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. மூக்குக் குழாய் அதன்மேல் வளைத்து வைத்திருந்தது. முப்பதாம் நாள் பூசைக்குப் போட்ட மாலை, சுவரில் பாக்கியராஜின் படத்தில் சருகாகத் தொங்கியது.

மெஷின் கத்திக் கத்தி ஓயும்வரை ஆனந்தமேரி அங்கேயே நின்றாள். பிறகு ஸ்பானரைக் கட்டில் சட்டத்தில் வைத்தாள்.

"அந்தத் தாளைக் கொண்டா. இனி எனக்கு எதுக்குடி நிக்காத கரண்டு."

அண்ணன் பெயருக்குக் கீழே எழுதினாள். கடைசி எழுத்தில் பேனா இருக்கும்போது கரண்டு வந்தது. மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, மறுபடி உறுமியது.

ரூபி சுவிட்சை நோக்கிப் போனாள்.

"இருக்கட்டும்டி. மை கூடக் காயலை, அதுக்குள்ள மறுத்துப் பேச வந்துட்டாரு பாரு. செத்த நேரம் பேசட்டும்."