கடக் கடக்

“அந்தக் கம்பியை மாத்தாதப்பா. பழசே இருக்கட்டும்.”

லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார். டிரைவரின் அம்மா நின்றிருந்தார்.

“வண்டி சாயாமப் பிடிச்சுக்கிற ஸ்வே பார் கம்பிம்மா இது, தேஞ்சுபோச்சு. வளைவுல வண்டி குடிகாரன் மாதிரி சாயுது. ஓட்டுறது உங்க மகன்தானே?”

“அது போடுற ‘கடக் கடக்’ தெருமுனையிலேயே கேட்கும். அது எங்களுக்கு வேணும்.”

“காலையில உங்க மருமகளும் இதையேதான் கேட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாதுன்னு டிரைவர் அண்ணன் புலம்புவாரே?”

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“அவன் அப்படித்தான் நினைக்கணும். ஒருத்தி சமைச்சதை இன்னொருத்தி தொடமாட்டான்னு, வீட்டுல இருக்கிற நாளெல்லாம் அவனே சமைச்சுப் பாத்திரமும் கழுவுறான். அவன் கிளம்பினதும் நாங்க சீட்டாட உட்கார்ந்துடுவோம். சத்தம் கேட்டாத்தானே ஆளுக்கொரு மூலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க முடியும்?”

மெக்கானிக் கழற்றிய கம்பியின் தேய்ந்த முனையைக் காட்டினார். அம்மாவின் முகம் மாறியது.

“ஐயோ, புதுசே போட்டுடு. அவன் நல்லபடியா வந்து சேரணும்.”

இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார்.

“ஏம்பா, ஆபத்தில்லாத இடமாப் பார்த்து வேற எதையாவது கொஞ்சம் லூசாக்கி விடேன்?”