டெம்ப்ளேட்டில் வந்த சிரிப்பு

விலைக்கு வாங்கிய ஒரே டெம்ப்ளேட்டில் நிறத்தையும் பெயரையும் மாற்றி மாற்றி மொபைல் விளையாட்டுகளாக வெளியிட்டுக்கொண்டிருந்தான் கதிரொளி. முதலில் நரி ஓடியது, பிறகு ஆட்டோ, இப்போது மாடு. ஆடுபவர் தோற்றால் கேட்கும் சிரிப்பு மட்டும் எல்லாவற்றிலும் ஒரே குழந்தையுடையது. அதை மாற்ற அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"யாரு புள்ள அது?" என்றாள் சிரிப்பைக் கேட்ட மனைவி அமலி.

"டெம்ப்ளேட்லயே வந்துச்சு."

"பெத்தவங்களுக்குத் தெரியுமா?"

"காசு குடுத்துதான வாங்குனேன்."

"அப்ப நம்ம யாழி சிரிப்ப வைங்களேன்."

மகளிடம் போனை நீட்டினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு அழித்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் கையிலெல்லாம் இவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

பழைய சிரிப்போடே விளையாட்டை ஏற்றினான். அலுப்போடு ஒரு ஆட்டம் ஆடித் தோற்றான். அந்தக் குழந்தை சிரித்தது. உள்ளறையிலிருந்து யாழியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.