கவிழ்த்த கோப்பை

“பால நிறுத்தியாச்சு, பருப்ப நிறுத்தியாச்சு, ரொட்டி சானாயையும் நிறுத்தியாச்சு. வயித்துப்போக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது டாக்டர்” என்றாள் தவமலர்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் புவனேஸ்வரன் பரீட்சையில் தோற்றவனைப் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். கொழுந்து மூட்டைகளோடு மலைப்பாதையில் போய் வருவதில், வயிறு கெட்ட இந்தப் பத்து மாதத்தில் வழியோரப் புதர் ஒவ்வொன்றும் அவனுக்கு நெருங்கிய பழக்கமாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், பிறகு லோரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டாக்டர் ஷஃபிகா காகிதங்களைப் புரட்டினார். பிரிஞ்சாங் ஊரில் அவரைப் போலப் பொறுமையாகக் கேட்கிற டாக்டர் கிடையாது.

“ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஈப்போ ஆஸ்பத்திரில குழாய் விட்டு ஸ்கோப் பண்ணதுலயும் ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னேனே?”

தவமலர் நோட்டை நீட்டினாள். கஞ்சி, இட்லி, அவித்த மீன், கீரை. தினமும் விடியலில் ஒரு கோப்பை பால் இல்லாத தேத்தண்ணீர்.

“குடிக்கிற பழக்கம் உண்டா?”

“அத விட்டு பதினோரு மாசம் ஆச்சு” என்ற புவனேஸ்வரன் மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“குடிய விட்டா வயிறு நல்லாகணும். உங்களுக்கு விட்ட பிறகுல்ல கெட்டிருக்கு? எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?”

“எல்லாம் அவதான் எழுதுனா” என்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “டாய்லெட் எந்தப் பக்கம் டாக்டர்?”

அவன் வெளியே போனதும் தவமலர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இத மட்டும் எழுதல. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல ஒரு ஆளு வித்தான். குடிய மறக்கடிக்கிற தூளாம். காலைல அவரு தேத்தண்ணில கலந்துருவேன். ருசியே தெரியாதுன்னான். அவருக்குத் தெரியாது. மொதநாள் கொடுத்தேன், அன்னைக்கே விட்டுட்டாரு டாக்டர்.”

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். “இதுல என்ன கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரர் வயித்த இதுதான் அறுக்குது. வீட்டுல மிச்சம் இருந்தா கொட்டிடுங்க.”

“கொட்டுனா மறுபடியும் குடிப்பாரே. அப்ப நான் என்ன பண்ணுவேன்?”

டாக்டர் வயிற்றுப்போக்குக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள் தவமலர். வழியில் கியா பார்ம் சந்தைக் கடைகளின் விளக்குகள் பனிக்குள் மிதந்து வந்து, நின்று பார்ப்பதற்குள் கரைந்தன. பாதை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனாலும் வண்டி போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பதினோரு மாதமும் அவளுக்கு இப்படித்தான் போயிருந்தது. முன்பெல்லாம் ராத்திரியில் அவன் மோட்டார் சத்தம் கேட்டாலே அவள் அடுப்படிக்குள் போய் ஒதுங்கிக்கொள்வாள். இப்போது ஆறு மணிக்கு வீடு வந்து, சட்டையை ஆணியில் மாட்டி, அவளோடு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்குகிறான். காலையில் அவள் கொடுக்கும் தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையைச் சன்னல் விளிம்பில் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான். நல்ல கனவு. சத்தம் போட்டு யாரும் எழுப்பிவிடக் கூடாதே என்று வீட்டுக்குள் அவள் மெதுவாகவே நடந்து பழகிவிட்டாள்.

மறுநாள் விடியலில் அடுப்படி வரை பனி வந்திருந்தது. தேத்தண்ணீர் கொதித்தது. அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டின்னை எடுத்துத் திறந்தாள். கரண்டியும் கையுமாக நின்றாள்.

குளியலறைக்குள் அவன் முனகுவது கேட்டது. பத்து மாதமாக அவனை அப்படி முனக வைத்தது தன் கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. குடித்தால் குடித்துத் தொலையட்டும், மனுஷன் உடம்போடு இருக்கட்டும்.

டின்னைத் தண்ணீர்க் குழாயடியில் கவிழ்த்தாள். வெள்ளையாக நுரைத்து ஓடிப்போனது.

அவன் வந்து சன்னலருகே உட்கார்ந்தான். வெளியே தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளை. அவள் கோப்பையை நீட்டினாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, அவன் குடிப்பதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

ஒரு மடக்கு உறிஞ்சியவன் நிறுத்தினான். கோப்பையை மூக்கருகே பிடித்து ஆவியை முகர்ந்தான். இன்னொரு மடக்கு எடுத்து வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினான்.

“என்ன மலரு, அந்தத் தூளு தீந்துபோச்சா?”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“தேயிலைக்குள்ளயே பொறந்து வளந்தவன்கிட்ட தேத்தண்ணில ஒளிச்சு வைக்கலாமா? மொத மடக்குலயே தெரிஞ்சுபோச்சு லா. இவள இந்த அளவுக்குக் கொண்டாந்துட்டமேன்னு வெக்கமாப் போச்சு, அன்னைக்கோட போத்தலத் தொடல” என்றான் அவன். “தூளு வேணாம்னு சொன்னா, நான் குடிச்சிருவேன்னு நீ மறுபடியும் பயப்பட ஆரம்பிச்சிருவே. அதான், தெனமும் மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டு கோப்பையக் கவுத்துக் காட்டுனேன்.”