ஒரு முழம் இடைவெளி

இரண்டு நாள் மழையில் ஆறு ஏறியிருக்கிறது. சரக்கை இறக்கிவிட்ட படகோ உயரமாக மிதந்து வருகிறது. பாலத்தடிக்கும் படகின் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்குமென்று திரை பச்சையில் காட்டியதை நம்பி, "தாராளமா வாங்கண்ணே" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டாள் பாலத்துக் கட்டுப்பாட்டு அறைக்காரி. சொன்னவள் இப்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே படகு பாலத்தின் நிழலுக்குள் நுழைகிறது. திரையில் அதன் அம்புக்குறி பாலத்தைக் குறிக்கும் கோட்டின் மேல் ஊர்கிறது. இன்ஜின் அதிர்வில் டம்ளரிலிருக்கும் டீ வட்டம் வட்டமாய் நடுங்குகிறது. அம்பு கோட்டைத் தாண்டுகிறது. அந்தப் பக்கத்து வெயிலில் படகின் கூரை பளிச்சிடுகிறது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்கிறாள். "கூரை தப்பிச்சிருச்சும்மா," வயர்லெஸ்ஸில் படகோட்டியின் குரல் கரகரக்கிறது. "அதுமேல என் வீட்டுக்காரி வச்ச ரோஜாத் தொட்டியத்தான் உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துட்டேன்." "ஐயோ, உடைஞ்சிருச்சா?" என்று பதறுகிறாள். "ஒரே ஒரு பூதான் போச்சு. ஆனா அவகிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்குத் தைரியம் பத்தாது."